நேரில் வந்து சொல்லாதவருடன் ஒரே வள்ளத்தில்

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நாளை காலை வள்ளத்தில் புறப்படுகிறோம். பிறகு யாராவது “நீங்கள்தானே எல்லாத்தையும் குழப்பினது” என்று சொன்னால் எடுத்துக் காட்டுவதற்காக இதை எழுதுகிறேன். நடந்ததை மட்டும் எழுதுவேன்.

என் பெயர் சிவக்கொழுந்து. ஊர் வேலணை, யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவு. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். ரேடியோ திருத்தப் பழகியது, ஆங்கிலம் படித்தது, இந்த நாட்டு வரிப் பத்திரம் நிரப்பக் கற்றது எல்லாம் தனியாகத்தான். ஒருவரிடமும் போய் நின்றதில்லை.

ரொறன்ரோவில் தனியறை ஒன்றில் இருக்கிறேன். மகள் தர்மினியும் மருமகன் நேசனும் கனடாவின் மேற்குக் கரையில், வன்கூவர் தீவில் வீடு வாங்கியிருக்கிறார்கள். கீழ்த்தளம் காலியாகக் கிடக்கிறது. ஒரு பெரிய அறை, ஒரு குசினி, ஒரு குளியலறை. நடுவில் தடுப்பு வைத்தால் இரண்டு கட்டில் போடலாம். ஒன்று எனக்கு. மற்றது நேசனின் தகப்பன் அம்பலவாணருக்கு. அவரும் ரொறன்ரோவில்தான், நகரத்தின் மறு கோடியில், தனியாக இருக்கிறார்.

எங்கள் இருவரையும் இங்கே வரவழைத்திருக்கிறார்கள். இன்று குசினியில் வைத்துத் தர்மினி சொன்னாள்: “அப்பா, வந்தால் ரெண்டு பேரும் வாங்கோ. இல்லாட்டி ரெண்டு பேரும் அங்கையே இருங்கோ. ஒராளை மட்டும் கூப்பிட்டுட்டு மற்றாளின்ரை முகத்தில நாங்கள் எப்பிடி முழிக்கிறது? கீழ் வீட்டை ஒரு பொடியன் வாடகைக்குக் கேக்கிறான். சனிக்கிழமை அவனுக்கு முடிவு சொல்லோணும்.”

அதற்குமுன் ஒரே கூடாரத்தில் இருந்து பார்க்க வேண்டுமாம். அதற்காகத்தான் இந்த வள்ளப் பயணம். கரையோரத் தீவுகளில் ஒவ்வொன்றாகத் தங்கித் தங்கிப் போவது. ஆட்கள் இதைக் காசு கொடுத்துச் செய்கிறார்கள்.

பங்குனி மாதம் என் குளியலறையில் சற்று வழுக்கினேன். எழும்புவதற்கு அவசரமான காரணம் இல்லாததால் விடியும்வரை அங்கேயே படுத்திருந்தேன். இதைத் தர்மினி பெரிதாக்குகிறாள்.

நேசனின் தகப்பனோடு எனக்குக் கதை பேச்சு இல்லை. காரணத்தையும் எழுதிவிடுகிறேன். நல்ல காரியம் என்றால் வீட்டுக்கு வந்து, தட்டில் வெற்றிலை வைத்து, நேரில் சொல்ல வேண்டும். அதிலும் சம்பந்தி வீட்டுக்கு. அவர் புது வீடு வாங்கி, அதில் குடிபுகும் குடிபூரல் விழாவுக்கு ரெலிபோனில் சொன்னார். தை மாதம். என் மனைவி சேலை உடுத்து, மேற்சட்டையும் போட்டு, கதவடியில் நின்றாள். நான் போகவில்லை. ஆகவே அவளும் போகவில்லை.

பிறகு அவர் மனைவியின் செத்தவீட்டுக்கு நான் போனேன். என் மனைவியின் செத்தவீட்டுக்கு அவர் வந்தார், பெட்டியும் தூக்கினார். அது கணக்கில் வராது. செத்தவீட்டுக்கு ஒருவரும் சொல்லத் தேவையில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

வள்ளம் இரண்டு. ஒன்றில் மகளும் மருமகனும். மற்றதில் நாங்கள். முன்னுக்கு யார், பின்னுக்கு யார் என்ற கேள்வி வந்தது. நேசனின் தகப்பன் மகனைப் பார்த்துச் சொன்னார்:

“தீவார்தானே, அவர் பின்னுக்கு இருந்து திருப்பட்டும். எங்கடை உரும்பிராய்ச் செம்பாட்டு மண்ணுக்கை கடல் எங்கை கிடந்தது?”

தீவார் என்பது எங்களை மற்ற யாழ்ப்பாணத்தார் சொல்லும் சொல். மரியாதைபோலக் கேட்கும். இல்லை. நான் மகளைப் பார்த்துச் சொன்னேன்: “பஸ் ஓடினவைக்கு முன்னுக்கு இருந்தாத்தான் றோட்டுத் தெரியும். இருக்கட்டும்.” அவர் ஊரில் அரசாங்க பஸ் சாரதியாக இருந்தவர்.

வள்ளம் ஒரு பெரிய வட்டம் போட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. இரண்டு பேரும் ஒரே பக்கம் துடுப்பு வலித்திருக்கிறோம். கரையில் கோப்பியோடு நின்ற வெள்ளைக்காரர் இருவர் கைதட்டினார்கள். கொஞ்ச நேரம் கழித்து நேசனின் தகப்பன் தன் துடுப்பைப் பார்த்துச் சொன்னார்: “இடப்பக்கம் வலிச்சா நல்லம் போல கிடக்கு.”

நான் என் துடுப்பிடம் சொன்னேன்: “உதை முதலே சொல்லியிருக்கலாம்.”

அதன்பிறகு வள்ளம் நேராகப் போனது. துடுப்போடு கதைப்பதை நான் கதைத்ததாக எடுப்பதில்லை. அவரும் அப்படித்தான் எடுக்கிறார் என்று நினைக்கிறேன். கேட்க வழியில்லை.

தீவு சிறியது. பட்டை உரிந்து சிவந்து நிற்கும் மரங்கள். பாறையில் கடல்நாய்கள் படுத்துக்கிடந்து எங்களைப் பார்த்தன. வேலைவெட்டி இல்லாத பிராணிகள். நேசன் கைத்தொலைபேசியில் கடல் ஏறும் நேரம், இறங்கும் நேரம் பார்த்துச் சொன்னார். கடலைத் தொலைபேசியில் பார்க்கிறவர்களுக்கு நான் என்ன சொல்வது? வேலணையில் கடல் முழங்காலுக்குமேல் ஏறி நான் கண்டதில்லை. அதையும் சொன்னேன்.

கூடாரத்துக்குள் நடுவில் சாப்பாட்டுப் பெட்டியை வைத்தேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மழை. நாள் முழுவதும் கூடாரம். அவர் குறட்டை விடுகிறார். நான் விடுவதாக நேசனிடம் சொல்லியிருக்கிறார். பொய்.

ஆகஸ்ட் 13, புதன்

மழை விட்டது. அடுத்த தீவுக்கு மாறினோம்.

தேத்தண்ணீர் போடுவது நேசனின் தகப்பன். ஒருவரும் கேட்காமலே அந்த வேலையை எடுத்துக்கொண்டார். இஞ்சி இடித்துப் போடுகிறார். இரண்டு கோப்பையில் வார்த்து, ஒன்றை எனக்குப் பக்கத்தில் உள்ள கல்லில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விடுகிறார். கல்லில் இருக்கும் தேத்தண்ணீர் யாருக்கென்று எழுதியில்லை. அவர் அப்பால் போனபிறகு குடிக்கிறேன். சாமான் வீணாகக்கூடாது. சீனி அளவாக இருக்கிறது. நான் எத்தனை கரண்டி என்று அவருக்கு யார் சொன்னது தெரியவில்லை. மனைவி இருந்த காலத்தில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்துபோனவர்தான்.

மத்தியானம் ரக்கூன் என்ற காட்டுப் பிராணி ஒன்று வந்து பருத்தித்துறை வடைப் பையைப் பிரித்து உட்கார்ந்து சாப்பிட்டது. ஆளைக் கண்டும் ஓடவில்லை. நேசனின் தகப்பன் சட்டியைத் தட்டி, “இறங்கு! இறங்கு! பஸ் வெளிக்கிடப்போகுது!” என்று கத்தினார். அது இறங்கிப் போய்விட்டது. தர்மினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இருமினேன்.

அவருக்கு முழங்கால் சரியில்லை. நிலத்தில் இருந்தால் எழும்பக் கஷ்டப்படுகிறார். இன்று ஒருமுறை துடுப்பை நீட்டினேன். அவர் பிடித்து எழும்பினார். துடுப்பு என்னுடையது இல்லை. வாடகைக்கு எடுத்தது.

பின்னேரம் தர்மினியும் நேசனும் தண்ணீரோரம் நின்று கதைத்தார்கள். நான் கேட்கவில்லை. காற்று என் பக்கம் வீசியது.

“அப்பா மாறமாட்டார், நேசன். எனக்குத் தெரியும். செத்தாலும் மாறமாட்டார்.”

“என்ரை ஐயாவும் உப்பிடித்தான். ஏன் ரெலிபோனிலை சொன்னியள் எண்டு நான் எத்தினை தரம் கேட்டன். வாய் திறக்கிறாரே?”

“அப்ப அந்தப் பொடியனுக்கே ஓமெண்டு சொல்லுவம். என்ன செய்யிறது. திரும்பவும் குளியலறையில விழுந்து கிடந்தா, ஆர் போய்ப் பாக்கிறது எண்டதுதான்...”

பிறகு மூக்கைச் சிந்தினாள். நேற்று மழையில் நனைந்ததால் தடிமன் பிடித்திருக்கலாம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். வேறுவிதமாகச் சொல்வார்கள்.

மத்தியானம் மூன்றாவது தீவுக்கு வந்தோம். கடல் வற்றிக் கிடந்தது. கரையிலிருந்து ஒரு மணல் திட்டு நாக்குப்போல நீண்டு, அதன் முனையில் ஒரு பாறை. நேசன் சொன்னார்: “மாமா, இண்டைக்குப் பெருக்குக் கூட. பின்னேரம் ஆளுயரத்துக்கு மேல ஏறும். வள்ளத்தை அந்த மரத்தடி வரைக்கும் இழுத்துக் கட்டிவிடுங்கோ.” பிறகு அவரும் தர்மினியும் குடிதண்ணீர் எடுக்கப் பக்கத்துப் பெரிய தீவுக்குத் தங்கள் வள்ளத்தில் போனார்கள்.

நான் கடலைப் பார்த்தேன். எந்த அசைவும் இல்லை. வேலணையில் வள்ளத்தை எவ்வளவு இழுப்போமோ அதைவிடவும் கூடவே இழுத்து வைத்தேன். கயிறு கட்டுவது முன்னுக்கு இருப்பவரின் வேலை. கட்டிவிட்டாரா என்று கேட்க வழியில்லை. கட்டுவது பின்னுக்கு இருப்பவரின் வேலை என்று அவர் நினைத்திருக்கலாம். என்னைக் கேட்க அவருக்கும் வழியில்லை.

அவர் திட்டு வழியே நடந்துபோய், பாறையில் மிதவைச் சட்டையைத் தலைக்கு வைத்து, தொப்பியால் முகத்தை மூடிப் படுத்தார். நான் கூடாரம் அடித்து, உள்ளே சாமானை ஒழுங்கு செய்தேன். கொஞ்சம் கண்ணயர்ந்தும் இருக்கலாம்.

வெளியே வந்தபோது வள்ளம் இல்லை. தூரத்தில் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. எங்களோடு இருந்ததைவிட நேராகப் போனது. உள்ளே என் உடுப்புப் பையும் செருப்பும்.

பிறகுதான் திட்டைப் பார்த்தேன். திட்டு இருந்த இடத்தில் கடல் இருந்தது. பாறை சிறிதாகிவிட்டது. அதன்மேல் நேசனின் தகப்பன் வயிற்றில் கைகோத்தபடி நித்திரை.

அவருக்கு நீந்தத் தெரியாது. முதல் நாளே மகனிடம் சொல்லியிருந்தார்.

நான் கூப்பிட்டேன். முதலில் “ஏய்” என்றேன். அது ஒருவருடைய பெயரும் இல்லை. பிறகு “அம்பலவாணர்!” என்று கூப்பிட்டேன். மூன்றாம் தடவை என்ன கத்தினேன் என்று நினைவில்லை. காற்று எதிராக அடித்தது. அவர் அசையவில்லை.

இறங்கினேன். அந்தத் தண்ணீரின் குளிரை எழுத எனக்குச் சொல் தெரியாது. தொடைவரை வந்தது, பிறகு இடுப்புக்கு மேலும் வந்தது. காலுக்கடியில் சிப்பி வெட்டியது. பாறையைப் பிடித்து ஏறி, அவர் காலைத் தட்டினேன். எழும்பினார். சுற்றிப் பார்த்தார். முகத்தில் நிறம் போய்விட்டது.

மிதவைச் சட்டையை அவருக்கு மாட்டினேன். உட்புறம் வெளியே போய்விட்டது. கழற்றி மாட்ட நேரமில்லை. அவர் என் கையைப் பிடித்தார். நான் பிடிக்கவில்லை. அவர்தான் பிடித்தார். பிறகு நானும் பிடிக்க வேண்டியதாயிற்று. திட்டு எந்தப் பக்கம் போனது என்று காலால் தடவித் தடவி நடந்தோம்.

பாதி வழியில், நெஞ்சுவரை தண்ணீர் நிற்கும்போது, அவர் என்னைப் பார்த்து, துடுப்பை அல்ல, என்னைப் பார்த்துக் கேட்டார்:

“என்ன தீவார், கடல் முழங்காலுக்கு மேல ஏறாதெண்டெல்லோ சொன்னியள்?”

“இது என்ரை கடல் இல்லை,” என்றேன்.

“அப்ப ஆரின்ரை கடல்?”

“வாயை மூடிக்கொண்டு நடவுங்கோ. உப்புத்தண்ணி போகும்.”

கரைக்கு வந்ததும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நாலு காலில் நின்றோம். அவருடைய பை கூடாரத்துக்குள் இருந்தது. என் உடுப்பு கடலில். அவருடைய சாரம் ஒன்றை எடுத்து என் முன்னால் போட்டார். கட்டினேன். துவைத்துத் திருப்பிக் கொடுப்பேன்.

பற்கள் அடித்துக்கொள்ளும்போதே அடுப்பை மூட்டினார். தேத்தண்ணீரை இந்தமுறை கல்லில் வைக்கவில்லை. கையில் தந்தார். பிறகு கேட்காமலே சொன்னார்:

“கொழும்புக்கு இரவிரவா பஸ் ஓடினனான், சிவக்கொழுந்தர். காட்டுக்குள்ளாலை, வெள்ளத்துக்குள்ளாலை எல்லாம் ஓடினனான். ஒருக்காலும் பயந்ததில்லை. அந்தத் தை மாசம் உங்கடை வீட்டுக்கு வெளிக்கிட்டு ஹைவேயில ஏறினன். பனி. முன்னுக்குப் போனவன் சுழண்டுபோய் மதகிலை அடிச்சான். எனக்குக் கை நடுங்கத் தொடங்கீட்டுது. அடுத்த பாதையாலை இறங்கி, ஒரு கோப்பிக் கடையடியில காரை நிப்பாட்டிப்போட்டு, அங்கையிருந்துதான் உங்களுக்கு அடிச்சனான். தட்டு முன் சீற்றிலை கிடந்தது. வெத்திலையும் அடுக்கினபடி.”

“உதை அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“என்னெண்டு சொல்லுறது? பஸ்காரன் கார் ஓடப் பயந்திட்டான் எண்டோ? என்ரை மனுசிக்கே சொல்லேல்லை. உங்கடை வீட்டை போய்ச் சொல்லிப்போட்டு வந்தனான் எண்டுதான் அவவுக்குச் சொன்னனான். நீங்கள் வரேல்லை எண்டு அவ உங்களோடைதான் கோவம்.”

இதை எழுதி வைக்கிறேன். ஏற்றுக்கொண்டேன் என்று அர்த்தமில்லை. கார் ஓடப் பயமென்றால் பஸ் இருந்தது.

மகளும் மருமகனும் எங்கள் வள்ளத்தைத் தங்கள் வள்ளத்தின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். நடுக்கடலில் கண்டார்களாம், ஆளில்லாமல். தர்மினியின் முகம் சுண்ணாம்புபோல இருந்தது. கரையில் எங்களைக் கண்டதும் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். பிறகு எழும்பிக் கத்தினாள்:

“ஆர் இதைக் கட்டாமல் விட்டது? ஆர்?”

“நான்தான் பிள்ளை,” என்றார் நேசனின் தகப்பன். “மறந்துபோனன். உன்ரை கொப்பா மேலை இழுக்கச் சொன்னவர். நான்தான் கேக்கேல்லை.”

மற்றவர் பேசும்போது நடுவில் பேசும் பழக்கம் எனக்கில்லை.

நாங்கள் இன்று கதைத்தது பற்றி ஒரு விளக்கம். ஆபத்துக்கு ஓடிப்போவது செத்தவீட்டுக்குப் போவதுபோல. சொல்லாமலே போகவேண்டியது. ஆகவே தண்ணீரில் கதைத்தது கணக்கில் வராது. கரையில் கதைத்ததும் நனைந்திருக்கும்போது கதைத்ததுதான். உலர்ந்தபிறகு கதைக்கவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கடைசித் தீவு. கதைக்கவில்லை. துடுப்புகளும் கதைக்கவில்லை. இடம், வலம் மாற்றும்போது அவர் தலையை ஆட்டினார், நான் மாற்றினேன். வள்ளம் நேராகத்தான் போனது.

தர்மினி கேட்டாள்: “அப்பா, முடிவு?”

“சனிக்கிழமை எண்டுதானே சொன்னனீ. இண்டைக்கு வெள்ளி.”

“மாமாவும் அதைத்தான் சொல்லுறார்.”

“அவர் சொல்லுறதை என்னட்டை ஏன் சொல்லுறாய்?”

அவள் போய்விட்டாள். நேற்று இரவு முழுவதும் யோசித்தேன், இன்றும் யோசித்தேன். பனி என்றாலும் பஸ் இருந்தது. ஆனால் வெற்றிலைத் தட்டோடு பஸ்ஸில் வருவது எப்படி என்று தெரியவில்லை. இரண்டு பஸ் மாற வேண்டும். தரிப்பிடத்தில் நிற்க வேண்டும். வெற்றிலை பனிக்குக் கறுத்துப்போகும்.

சாப்பாட்டுப் பெட்டியைக் கூடாரத்துக்கு வெளியே வைத்தேன். உள்ளே இடம் போதாது.

ஆகஸ்ட் 16, சனி

காலையில் கண் விழித்தபோது அவருடைய படுக்கை மடித்திருந்தது. வெளியே காலடிச் சத்தம் கேட்டது. அது கரைப் பக்கம் போய், சுற்றி, பாதை வழியாகத் திரும்பி வந்தது. கூடார வாசலுக்குச் சற்றுத் தள்ளி நின்றது.

“வீட்டுக்காரர்! வீட்டிலை ஆக்கள் ஆரும் நிக்கினமே?”

நான் எழும்பி உட்கார்ந்தேன். வாசலில் வந்து கூப்பிட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. அப்படி எங்கள் வீட்டில் ஒருபோதும் நடந்ததில்லை.

“ஓம், நிக்கிறம். வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ.”

கூடார வாசலின் ஜிப்பை இழுத்துத் திறந்தேன். தலை சீவி, விபூதி பூசி, துவைத்த சேட்டு போட்டு நின்றார். கையில் அலுமினியத் தட்டு. வெற்றிலைக்கு இங்கே வழியில்லை. அந்தச் சிவந்த மரத்தின் இலைகளை அடுக்கி, ரக்கூன் விட்டுவைத்த வடையில் இரண்டு, கொஞ்சம் முந்திரிகை வற்றல், ஒரு பிடி சீனி வைத்திருந்தார். முழங்காலோடு போராடிக் குனிந்து உள்ளே வந்தார். தான் இவ்வளவு நாளும் படுத்த இடத்தில் விருந்தாளிபோல ஓரமாக இருந்தார்.

இரண்டு கையாலும் தட்டை நீட்டினார்.

“நாளைக்கு ஆவணி பிறக்குது. வாற கிழமை நல்ல நாள் பாத்து, பிள்ளையளின்ரை கீழ்வீட்டிலை குடிபூருறதா யோசிச்சிருக்கிறம். நீங்கள் கட்டாயம் குடும்பமா வந்து...”

அங்கே நின்றுவிட்டார். சொல்லிப் பழகிய சொல். வாயில் அதுதான் வந்திருக்கிறது. வெளியே தர்மினியும் நேசனும் மூச்சு விடாமல் நிற்பது கூடாரத் துணியில் நிழலாகத் தெரிந்தது.

நான் தட்டை வாங்கினேன்.

“ஒராள்தான் வருவன்,” என்றேன்.

“எங்கடை பக்கமும் ஒராள்தான்,” என்றார் சம்பந்தி.

நேரில் வந்து சொன்னதற்குப் போகாமல் இருப்பது முறையல்ல. அதற்குமேல் இதில் ஒன்றும் இல்லை. தர்மினிக்கும் அதைத்தான் சொன்னேன். அவளுக்குத் தடிமன் இன்னும் விடவில்லை.

சொல்ல வந்தவரை வெறும் வாயோடு அனுப்பக்கூடாது. சம்பந்தியை இருக்கச் சொல்லிவிட்டு, அவருடைய பையிலிருந்தே தேயிலையும் இஞ்சியும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். எத்தனை கரண்டி சீனி என்று திரும்பிக் கேட்டேன். ஒன்றரை என்றார். கூட. அவருக்குச் சர்க்கரை வருத்தம் இருக்கிறது. ஒன்று போட்டேன்.

தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் வள்ளத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். மரத்தடியில், அசையாமல் கிடந்தது. கயிற்றில் இரண்டு முடிச்சு இருந்தது. ஒன்று நேற்றுப் பின்னேரம் ஒருவருக்கும் சொல்லாமல் நான் வந்து போட்டது.